புகைக்குழாயில் அப்பாவின் காது

ஆவணி 6, சனி

காலையில் தூறல், பத்து மணிக்கு மேல் வெயில். வாங்க: இஞ்சி, ரீஃபில், அம்மாவுக்குக் கண் மருந்து.

அப்பா வந்தார், தன் பழைய வெள்ளைக் காரில். திருவாரூரிலிருந்து வலங்கைமானுக்கு ஒன்றரை மணி நேரம். டெல்டாவில் மேடு ஏது, வெட்டாற்றுப் பாலம் ஏறவே திணறியதாம். வரும் வெள்ளி திருக்கடையூரில் அவருக்கும் அம்மாவுக்கும் அறுபதாம் கல்யாணம். இந்தக் காரில்தான் போவாராம், இல்லையென்றால் போகவே மாட்டாராம். அம்மா போனில்: "உங்கப்பாவுக்கு நான் ரெண்டாம் சம்சாரம்டி."

என் வீட்டுக்காரன் செல்வத்தின் கார் பட்டறைக்கு அப்பா வருவது இதுவே முதல் தடவை. கல்யாணமாகி இரண்டு வருடம். பதிவு அலுவலகத்துக்கும் வரவில்லை. செ.யை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எதிரே நிற்கும்போதே என்னிடம்: "எப்ப பாப்பாங்கன்னு கேளு."

செ.யும் என்னிடமே: "நாளைக்குப் பாத்துரலாம்னு சொல்லு."

நடுவில் நான், தபால் நிலையம்.

படித்துக்கொண்டிருக்கும் ரஷ்ய நாவலில் ஆளுக்கு மூன்று பெயர். அப்பாவிடம் செ.க்கு ஒன்றுகூட இல்லை.

ஆவணி 7, ஞாயிறு

நல்ல வெயில். பட்டறை ஆட்களுக்கு லீவு. அதனால் உதவிக்கு நானும், நேற்று இங்கேயே தங்கிவிட்ட அப்பாவும்.

எஞ்சினில் நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றிலும் பிஸ்டனை மேலே நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றை அடைக்க வேண்டும். எவ்வளவு ஒழுகுகிறது என்று மீட்டர் சொல்லும். எங்கே என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். புகைக்குழாயிலோ கார்புரேட்டரிலோ சீறினால் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங் போச்சு, எஞ்சினையே பிரிக்கணும், வெள்ளிக்கிழமையும் போச்சு.

ஆயில் வாயில் நான். மீட்டரில் செ. அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, பின்னால் மண்டியிட்டு, புகைக்குழாயில் காது.

முதல் சிலிண்டர் சரி. அடுத்தது இரண்டு. கம்ப்ரஸர் இரைச்சல். அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார், இரண்டு தடவை. எனக்குக் கேட்கவில்லை. பிறகு, பட்டறையே அதிர:

"மாப்ள, இங்க காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது."

செ. மீட்டரைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தான்.

அடைத்த காற்றெல்லாம் வெளியே. அப்பா எழுந்து வந்தார், காதைச் சுற்றிக் கரி வட்டம். "செத்துப் போச்சா?"

செ. கார்புரேட்டரில் கை வைத்துப் பார்த்தான். அங்கேயும் காற்று. சிலிண்டர் வரிசையை விரல்விட்டு எண்ணினான். முகம் சிவந்துவிட்டது.

"ஒண்ணுமில்ல மாமா. ஒண்ணுக்கு அடுத்து மூணுலதான் குடுக்கணும். நான் ரெண்டுல குடுத்துட்டேன். அது புகைய வெளிய தள்ற நேரம், வால்வு தொறந்துதான் இருக்கும்."

தினம் எஞ்சின் பார்க்கிறவன். பக்கத்தில் மாமனார்.

வரிசைப்படி மூன்று. "இதுலயும் லேசா வருது மாப்ள." வால்வுக்கு இடைவெளி போதவில்லையாம், சரியாக மூடவில்லை. திருகைத் தளர்த்திவிட்டு மறுபடி காற்று.

"இப்ப?"

"இல்ல."

"நல்லாக் கேளுங்க மாமா."

"என் காதுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு."

அடுத்து நான்காவது, கடைசியாக இரண்டாவது. அவையும் சரி. என் பக்கம் லேசான முணுமுணுப்பு மட்டும். அந்த அளவுக்கு இருக்கலாமாம்.

மதியம் பாலம் வரை ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேர் மட்டும். அம்மாவுக்குப் போன்: வெள்ளி உறுதி. கண் மருந்து வாங்க மறந்தேன்.

ஆவணி 10, புதன்

மேகம். மழை இல்லை. எட்டு மணிக்கே வாசலில் வெள்ளைக் கார். இந்தத் தடவை ஐம்பது நிமிடம்தான். அப்பா என் கையில் வாழைப்பழச் சீப்பைத் திணித்துவிட்டு நேரே பட்டறைக்குள்.

"மாப்ள, மூணாவதுல என்னமோ சத்தம் வர்ற மாதிரியே இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள இன்னொரு தடவ காத்து வச்சுப் பாத்துரலாமா?"

செ. எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டான். ஒரு சத்தமும் இல்லை. எனக்கே தெரிந்தது.

"பாத்துரலாம் மாமா. வேட்டிய மடிச்சுக் கட்டிக்குங்க."

கம்ப்ரஸர் ஓடுகிறது. என்னை யாரும் கூப்பிடவில்லை.