புத்தகத்தில் இல்லாத என்ஜின்

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை வாசலில் நின்றவர்கள்: நான், என் மகள், மெக்கானிக், அடுத்த வீட்டுத் தையல்காரம்மா. மருமகன் வேலைக்குப் போய்விட்டார். இருந்திருந்தாலும் கையைப் பிசைந்துகொண்டுதான் நின்றிருப்பார்.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் எங்கள் வண்டி நடுரோட்டில் ஆவி கக்கி நின்றுவிட்டது. நல்லவேளை, பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மெக்கானிக்குக் குடும்பத்தில் நாங்கள் வைத்த பேர் ‘பொறுமை’. எதைக் கேட்டாலும் “பொறுமையா இருங்க” என்பான். திறந்து பார்த்துவிட்டு, என்ஜினுக்கு மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டில் விரிசல், ஒட்டினாலும் நிற்காது என்றான். புதிது இப்போது வருவதில்லையாம். பழைய சாமான் கடையில்தான் தேட வேண்டும்.

பள்ளியிலிருந்து போன். திங்கட்கிழமை வண்டி வராவிட்டால் பிள்ளைகளை வேறு வண்டிக்கு மாற்றிவிடுவார்களாம். போனை வைத்துவிட்டு மகள் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். ஏழு வருஷமாக ஒரு நாள் தாமதம் இல்லாமல் ஓட்டியவள்.

மார்ச் 5, புதன்

மகள் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, சாமான் கடைக்காரரிடம் போனில் வருஷம், மாடல், என்ஜின் நம்பர் எல்லாம் வாசித்தாள். “அதே ஹெட் கைவசம் இருக்கு, நாளைக்கு வாங்க. ஆனா வித்ததைத் திருப்பி எடுக்க மாட்டேன்” என்றாராம்.

புத்தகத்து நம்பரை வைத்து வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சொன்னால் சண்டை வரும். சொல்லவில்லை.

மார்ச் 6, வியாழன்

சொல்லிவிட்டேன். மகளும் நானும் பொறுமையின் வண்டியில் ஏறப்போன நேரத்தில்.

“புத்தகத்துல இருக்கிற என்ஜின் இதுல இல்லடி.”

“அம்மா! மறுபடியும் சித்தப்பா கதையை ஆரம்பிச்சிட்டியா?”

ஆமாம், அதே கதைதான். பன்னிரண்டு வருஷம் ஆகிறது, ஜூன் மாதம். அக்கா வீட்டுக்குப் பதினோரு நாள் போயிருந்தேன். திரும்பி வந்தால் என்ஜின், விளக்கிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி பளபளக்கிறது. சத்தமும் பழைய சத்தம் இல்லை. வீட்டுக்காரர் அப்போது உயிரோடு இருந்தார். “தம்பி சர்வீஸ் பண்ணிக் கொடுத்தான்” என்றார். கொழுந்தன் வண்டியை இழுத்துக்கொண்டு போனதைத் தையல்காரம்மா கண்ணால் பார்த்திருக்கிறாள். நல்ல என்ஜினை விற்றுத் தின்றுவிட்டு எதையோ மாட்டிவிட்டாயே என்று அவன் முகத்துக்கு நேரே கேட்டேன். வாயே திறக்கவில்லை. வீட்டுக்காரர்தான் கத்தினார்: “உனக்குச் சந்தேகப் புத்தி!” அன்றைக்கு ஒட்டிய பேர் இன்னும் உரியவில்லை. கொழுந்தனோடு பேச்சை அறுத்தேன். வீட்டுக்காரர் போன அன்று வந்து நின்றான். அப்போதும் நான் பேசவில்லை.

“அம்மா, பொறுமையா இருங்க...” என்று ஆரம்பித்தான் மெக்கானிக்.

“நான் பன்னெண்டு வருஷம் இருந்தாச்சு. நீ ரெண்டு நிமிஷம் இருந்து, என்ஜின்லயே நம்பரைப் பாரு!”

பார்த்தான். ஹெட்டுக்குக் கீழே இருக்கும் பிளாக்கில் நம்பர் வெட்டிய இடம் எண்ணெய்ப் பிசுக்கில் மூடிக் கிடந்தது. டீசல் துணியால் தேய்க்கத் தேய்க்க எழுத்து மேலே வந்தது. மகள் டார்ச் அடித்து வாசித்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். மறுபடியும் வாசித்தாள். முதல் எழுத்தே வேறு.

மகள் புத்தகத்தை மூடிப் பையில் வைத்தாள். ‘அப்போதே சொன்னேனே’ என்று நான் குத்திக் காட்டவில்லை. எனக்கே ஆச்சரியம்.

கடையில் எடுத்து வைத்திருந்த ஹெட்டைப் பார்த்தால் எங்களுடையதேபோல இருந்தது. கூடப் பிறந்தது என்று சத்தியம் செய்யலாம். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைக்கிற எங்கள் கேஸ்கட் தகட்டைப் பொறுமை அதன்மேல் விரித்தான். போல்ட் ஓட்டையெல்லாம் நேராக வந்தது. தண்ணீர் போகிற ஓட்டை ஒன்றுக்கு நேரே மட்டும் அந்த ஹெட்டில் ஓட்டையே இல்லை.

“இதை மாட்டியிருந்தா ஓடியிருக்கும்மா. பத்து நாள்ல கொதிச்சு, என்ஜினே போயிருக்கும்” என்றான். அவன் குரல் இறங்கிப்போயிருந்தது. புத்தகத்தை நம்பி நம்பரைப் பார்க்காமல் கிளம்பியவன் அவன்தானே.

கடைக்காரர் குவியலுக்கு அடியிலிருந்து இன்னொன்றை உருட்டி எடுத்தார். எங்கள் என்ஜினின் எழுத்து அதில் இருந்தது. கேஸ்கட் வைத்தால் ஓட்டைக்கு ஓட்டை சரியாக உட்கார்ந்தது. ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே நிறுத்தி, வளைவு இல்லை என்று பார்த்த பிறகுதான் வண்டியில் ஏற்றினோம். நம்பரைப் பார்க்கச் சொன்னது நான்தான் என்று தெரிந்ததும் கடைக்காரர் என்னைப் பார்த்து, “அம்மா நம்ம கடையில வேலைக்கு வர்றீங்களா?” என்றார். “உங்க கடையில இருக்கிற குப்பையைப் பார்த்தா எனக்குத் தூக்கம் வராது” என்றேன்.

மகள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மார்ச் 8, சனி

வண்டி ஓடுகிறது! பொறுமை ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தான். சூடு ஏறவில்லை, ஒரு சொட்டு ஒழுகவில்லை. நாலு நாளைக்கு அப்புறம் மகள் வயிறாரச் சாப்பிட்டாள்.

என்ஜின் மாறியதைப் புத்தகத்தில் ஏற்ற வேண்டுமாம், அதற்கு அந்த என்ஜின் வாங்கிய பில் வேண்டுமாம். சித்தப்பாவுக்குப் போன் பண்ணட்டுமா என்று கேட்டாள். பண்ணிக்கொள் என்றேன். வேறென்ன சொல்ல?

மார்ச் 10, திங்கள்

பிள்ளைகள் ஏறிப் போனார்கள். தெருமுனை திரும்புகிறவரை நின்று சத்தத்தைக் கேட்டேன். பிசிறே இல்லை.

மத்தியானம் கொழுந்தன் பில்லோடு வந்தான். நரைத்துவிட்டான். வாசலிலேயே நின்றான்.

“நான்தான் மாத்தினேன் அண்ணி. ஆனா பழைய என்ஜினைக் கொன்னது அண்ணன். தண்ணி இருக்கான்னு பார்க்காம ஓட்டி எரிச்சிட்டாரு. ‘அவ வர்றதுக்குள்ள மாத்திடு, தெரிஞ்சா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா’ன்னு சத்தியம் வாங்கிட்டாரு.”

சொல்லிக் காட்டியிருப்பேன்தான். அது வேறு விஷயம்.

பில்லைப் பிரித்தேன். கீழே வீட்டுக்காரர் கையெழுத்து, படுத்துக்கொண்ட மாதிரி சாய்ந்து.

“அவர் போனதுக்கு அப்புறமாவது சொல்லியிருக்கலாமே தம்பி?”

“போனவரைப் பத்தி என்னன்னு சொல்றது? நீங்க என்னைத் திட்டினீங்க, நான் தாங்கிக்கிட்டேன்.”

உள்ளே வரச் சொன்னேன். டீ போட்டேன். அவனுக்குச் சர்க்கரை இரண்டு கரண்டி. மறக்கவில்லை. குடித்துவிட்டு, இன்னொன்று கிடைக்குமா அண்ணி என்று கேட்டான். பன்னிரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் அந்த இடத்தில் இறங்கிவிட்டது.

கொழுந்தனை விட்டாயிற்று. நம்பரைப் பார்க்காத பொறுமையையும் விட்டாயிற்று. ஊர் முன்னால் என்னைச் சந்தேகப் புத்திக்காரி ஆக்கிவிட்டு, உண்மையைத் தன்னோடு கொண்டுபோன ஒருவரை மட்டும் மன்னிக்க மாட்டேன். என் வீட்டுக்காரரை.