கைப்பிடி இல்லாத கதவுகள்

மேற்குத் தாம்பரம்
16-2-1992

என் அன்பிற்குரிய கணவருக்கு, லோகநாயகியின் நமஸ்காரம். நான் இங்கே சௌக்கியம். மஸ்கட்டில் குளிர் விட்டதா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று தவறாமல் எழுதுங்கள்.

நம் சொந்த வீட்டிலிருந்து எழுதும் முதல் கடிதம் இது. சாமான் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. பீரோவின் ஒரு கால் மட்டும் வளைந்திருக்கிறது. முடிச்சூர் பக்கம் இன்னும் வயல்தான் அதிகம், ஸ்டேஷனுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கிடைப்பது பெரும்பாடு. பள்ளிக்கூடத்துக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே கிளம்பிவிடுகிறேன். கொல்லைப்புறத்தில் மாடு வைத்திருக்கும் கங்கையம்மாள் பால் ஊற்றுகிறாள். இந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்தினுடையதாம். நல்ல மனுஷி, குரல்தான் கொஞ்சம் அதிகம்.

சமையலறை பற்றி எழுத வேண்டும். பத்திரம் பதியும் அவசரத்தில் நீங்கள் அதைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். மேடைக்குக் கீழே, அடுப்பு முனையிலிருந்து கொல்லைக் கதவு வரைக்கும் வரிசையாக அலமாரிகள். எல்லாவற்றுக்கும் பிளைவுட் கதவு. மொழுமொழுவென்று, ஒரு கோடு கிடையாது, ஒரு விளிம்பு கிடையாது, கைப்பிடி கூடக் கிடையாது. மேலே விரலை நுழைத்துத்தான் இழுக்க வேண்டும். அதில் ஆஸ்பத்திரிப் பச்சை பெயிண்ட் வேறு. அங்கே நின்று சமைத்தால் யாரோ நோயாளிக்குக் கஞ்சி வைப்பது போல இருக்கிறது.

புதுக் கதவு போடும் நிலையில் நாம் இல்லை, எனக்குத் தெரியும். ஜெயவேலு என்று ஒரு தச்சரைக் கங்கையம்மாள்தான் அனுப்பினாள். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குமா புது கதவு? பலகை நல்லாதான் கீது. நாலு பக்கமும் மெல்லிசா பீடிங் கட்டை அடிச்சி, பெயிண்ட் குடுத்து, கைப்பிடி வெச்சா வேற கதவு கணக்கா ஆயிடும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னதற்குக் கோபிக்க வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் விநோதமாக இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும், கதவுக்குக் கதவு கைப்பிடி இருந்த ஓட்டைகள் பட்டி வைத்து அடைத்திருப்பது தெரிந்தது. யாரோ வேண்டுமென்றே கழற்றியிருக்கிறார்கள். அப்புறம், எல்லாக் கதவிலும் ஒரே உயரத்தில் ஒரு பட்டை. அந்த இடத்தில் மட்டும் மரம் வழவழவென்று கூழாங்கல் போல இருக்கிறது. உப்புத்தாளே வழுக்குகிறது. ஜெயவேலு கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

பெயிண்ட் வாடையில் தலைவலி விடாமல் இருக்கிறது. சாயங்காலம் டியூப் லைட்டைப் பார்த்தால் அதைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிகிறது. வேலை முடிந்ததும் சரியாகிவிடும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வரவை எண்ணியிருக்கும்
லோகநாயகி


மேற்குத் தாம்பரம்
8-3-1992

என் அன்பிற்குரிய கணவருக்கு, நமஸ்காரம். உங்கள் கடிதம் கிடைத்தது. லீவு தீபாவளிக்குத் தள்ளிப்போனது பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை. கம்பெனி வேலை அப்படித்தான். நீங்கள் அதற்காக மனதை வருத்திக்கொள்ள வேண்டாம்.

கதவு வேலை முடிந்தும் முடியாமலும் இருக்கிறது. பீடிங் அடித்து, தந்த நிறத்தில் பெயிண்ட் கொடுத்த அன்று அப்படி ஒரு அழகு. பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் திரிபுரசுந்தரி வந்து பார்த்து, புதுக் கதவு என்றே நினைத்துவிட்டாள். மறுநாள் காலையில் பார்த்தால், எல்லாக் கதவிலும் குறுக்கே ஒரு இழுப்பு. ஈரப் பெயிண்டில் யாரோ உள்ளங்கையை வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து போன மாதிரி.

ஜெயவேலு என்னைத்தான் கோபித்துக்கொண்டார். "காயறதுக்குள்ள கைய வெக்காதீங்கன்னு தலப்பாடா அடிச்சிக்கினேனே" என்றார். வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன், நான் வைக்கவில்லை என்றேன். மறுபடி பூசினார். மறுபடியும் அதே இழுப்பு. என் கையை அதன்மேல் காட்டச் சொன்னார். நான் நிமிர்ந்து நடந்தால் என் கை படும் உயரத்துக்கு அது ஒரு சாண் கீழே இருந்தது. விரல்களும் சின்னவை. அதற்குப் பிறகு அவர் என்னைக் கோபிக்கவில்லை. கூலியைக்கூட வாசலில் நின்றே வாங்கிக்கொண்டார்.

இதோடு போகவில்லை. பீடிங்கில் மேலே கீழே படுக்கையாக அடித்தவை அப்படியே இருக்கின்றன. நிற்க வைத்து அடித்தவை மட்டும், அதாவது அந்தக் கை போகும் வழியில் குறுக்கே நிற்பவை மட்டும், ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. உடைந்து விழவில்லை. ஆணியோடு முழுசாக வந்து, சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன. புதுக் கைப்பிடிகளும் ஆட ஆரம்பித்திருக்கின்றன.

கங்கையம்மாளிடம் கேட்டேன். நமக்கு வீட்டை விற்ற வேதசிரோமணி சாரின் மனைவிக்குக் கடைசி சில வருஷங்களாகக் கண் தெரியாதாம். சார் ரயில்வே டியூட்டிக்குப் போய்விட்டால் அந்த அம்மாள் தனியாகவே வளைய வருவார்களாம். "கொல்லக் கதவுலேந்து அடுப்பாண்ட வரைக்கும் அந்தக் கதவுங்கள தடவிகினே போவாங்க. கைல இடிக்கப்போவுதுன்னு சாரு கைப்பிடிய அல்லாத்தியும் புடுங்கிப் போட்டாரு. இம்மாந்தான் இருப்பாங்க" என்று தன் தோளுக்குக் கீழே கையைக் காட்டினாள். போன வருஷம் இறந்துபோனார்களாம். வீட்டை விற்கும்போது சார் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "கண்ணு தெரியாதது ஒரு குத்தமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் பகலிலேயே சமையலறைக்குள் போனால் பக்கத்தில் யாரோ ஒதுங்கி வழி விடுவது போல இருக்கிறது. நேற்று கரண்டியை எடுக்கக் குனிந்தபோது புடவை உரசும் சத்தம் கேட்டது. நான் நைலக்ஸ் புடவை கட்டியிருந்தேன். கேட்டது கஞ்சி போட்ட பருத்திப் புடவையின் சத்தம்.

வேறு செய்தி ஒன்றும் இல்லை. தாம்பரம் ஸ்டேஷன் படியில் கடைசிப் படி கண்ணில் படாமல் விழுந்துவிட்டேன். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். வலது பக்கமாக யார் வந்தாலும் திடுக்கிட்டுப் போகிறேன். தூக்கம் போதவில்லை போலிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள்
லோகநாயகி


மேற்குத் தாம்பரம்
5-4-1992

என் அன்பிற்குரிய கணவருக்கு, லோகநாயகியின் நமஸ்காரம். கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். நான் சொல்லச் சொல்லத் திரிபுரசுந்தரி எழுதுகிறாள். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

போன மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நடுமத்தியானம், நல்ல வெயில். தலைவலி தாங்காமல் காபி போடலாம் என்று பாலை அடுப்பில் வைத்தேன். இடது கண்ணுக்குள் யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போல வலி. குமட்டிக்கொண்டு வந்தது. கொல்லைக் கதவோரம் இருக்கும் தொட்டியில் குனிந்து வாந்தி எடுத்துவிட்டு நிமிர்ந்தேன். எதுவும் தெரியவில்லை. ஜன்னல் வெயில் என் கைமேல் சுட்டது. ஆனால் கையைக் காணவில்லை, ஜன்னலைக் காணவில்லை.

கண்ணைக் கசக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றித் தடுமாறியதில் திசை தப்பிவிட்டது. எதிலோ நெற்றி இடித்தது. அப்போது பால் பொங்கி வழியும் சத்தமும், அடுப்பு அணையும் சத்தமும் கேட்டன. பிறகு கேஸ் வாடை. கத்தினேன். மாட்டுக்கொட்டகையில் கங்கையம்மாள் ரேடியோ வைத்திருந்தாள். என் குரல் போய்ச் சேரவில்லை.

கையை நீட்டினேன். கதவு தட்டுப்பட்டது. தானாக என் கை கீழே இறங்கி அந்த வழவழப்பான இடத்தில் போய் உட்கார்ந்தது. பெயிண்ட் காய்ந்து எத்தனையோ நாளாகிவிட்டது. ஆனால் என் விரல் நுனிக்குச் சற்று முன்னால் பலகை சூடாக இருந்தது. ஒருவர் கையை வைத்திருந்து அப்போதுதான் எடுத்தால் இருக்குமே, அந்தச் சூடு. நான் விரலை நகர்த்தினால் அது முன்னால் நகர்ந்தது. குனிந்தபடி அதன் பின்னாலேயே போனேன். குறுக்கே பீடிங் ஒன்றும் இல்லை. கைப்பிடி ஒன்றும் இல்லை. எல்லாம் எப்போது விழுந்தன என்று எனக்குத் தெரியாது. சூடு நின்ற இடத்தில் மேலே துழாவினேன். அடுப்பின் திருகு. அணைத்தேன்.

அப்படியே திரும்பி, அதே சூட்டைப் பிடித்துக்கொண்டு கொல்லைக் கதவுக்கு வந்து தாழ்ப்பாளை நீக்கி, வாசற்படியில் விழுந்தேன். கங்கையம்மாள் என்னைத் தூக்கி உட்கார்த்தி வைத்துவிட்டு, அரை நிமிஷம் பேசாமல் நின்றாள், எனக்குப் பின்னால் யாரையோ பார்த்த மாதிரி இருந்ததென்று பிறகு சொன்னாள். அவள் பேசாமல் நின்று நான் கேட்டதே இல்லை. அப்புறம்தான் "எம்மா" என்றாள். டாக்சி பிடித்து எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவளும் அவள் புருஷன் துரைராஜும்தான்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டதாம். வலது கண் கொஞ்சம் கொஞ்சமாக எப்போதோ போயிருக்கிறது. இடது கண்தான் இரண்டு கண்ணின் வேலையையும் பார்த்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. இடது கண்ணுக்கு ஆபரேஷன் செய்து காப்பாற்றியிருக்கிறார்கள். இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் அதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னார். எத்தனை நாளைக்கு நிற்கும் என்று கேட்டேன். சொட்டு மருந்தை விடாமல் போடுங்கள் அம்மா என்றார்.

நேற்று ஜெயவேலுவை வரவழைத்து மீதிப் பீடிங்கையும் எடுத்து, ஆணி ஓட்டைகளை அடைத்துத் தேய்த்து மொழுமொழுவென்று ஆக்கச் சொன்னேன். "நானே வந்து கேக்கலாம்னுதான் இருந்தேன்மா" என்று சொல்லிவிட்டு, செருப்பை வெளியில் விட்டு வந்து வேலை செய்தார். கூலி வேண்டாம் என்றார். கட்டாயப்படுத்திக் கொடுத்தேன்.

பயம் போய்விட்டது என்று பொய் எழுதச் சொல்ல மாட்டேன். அந்த அம்மாள் எனக்கு வழிதான் காட்டினார்களா, இல்லை, வரப்போவது தெரிந்து முன்னாலேயே எனக்கு இடம் ஒழித்து வைக்கிறார்களா? காலையில் சமையலறைக்குள் போகும்போது, கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள் அக்கா என்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன். நகர்கிறார்கள். ஆனால் முன்போல முழுசாக ஒதுங்குவதில்லை. தோளோடு தோள் நிற்கிறார்கள்.

திரிபுரசுந்தரி அழுகிறாள், அதனால் எழுத்து கோணலாக இருக்கும். நான் அழக்கூடாது என்று டாக்டர் உத்தரவு.

வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தீபாவளி வரை பொறுப்பேன் என்று சொல்லவும் வரவில்லை. எப்போது முடிகிறதோ அப்போது வாருங்கள். ஒன்றே ஒன்று. பொழுது சாய்ந்தபின் வாசலில் நிற்பவர் யார் என்று எனக்குத் தெரிவதில்லை. நல்ல பகல் வெளிச்சத்தில் வீடு வந்து சேரும்படி பார்த்து டிக்கெட் எடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள்
லோகநாயகி