அது எங்கட கோயில்

திருகோணமலை,
ஞாயிறு பின்னேரம்.

என் அன்பு மகன் றொஷானுக்கு,

மாதாவின் காவலில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்பி அம்மா எழுதிக்கொள்வது. நாங்களும் சுகம் என்றுதான் அடுத்த வரி வர வேண்டும், உடம்புக்குச் சுகம்தான், மற்றதை நீயே வாசித்துப் பார். ஃபோனில் தொடங்கினால் வேலைக்கு நேரமாகுது அம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடதாசியில் எழுதுகிறேன். நம்முடைய ஒழுங்கைப் பொடியன் ஜக்சன் லீவு முடிந்து இந்தக் கிழமை பிரான்சுக்குத் திரும்புகிறான், அவனிடம் இதையும் கொஞ்சம் கட்டாக் கருவாடும் மிளகாய்த்தூளும் கொடுத்து விடுகிறேன். கருவாட்டை நன்றாகச் சுற்றி வை, மணக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வந்தால் எனக்குச் சொல்லாதே, எனக்கு இங்கேயே போதுமான சண்டை இருக்கிறது. உன் தங்கச்சி றொஷானிக்கு இது ஏழாம் மாதம், கால் வீங்கியிருக்கிறது, உப்பைக் குறைக்கச் சொல்லி டொக்டர் சொன்னதை அவள் கேட்கிறாள் இல்லை. நீயாவது எடுத்துச் சொல்.

அப்பாவைப் பற்றித்தான் எழுத வந்தேன். அவர் இப்போது நம்முடைய கரையில் வலை இழுப்பதில்லை, விடிய எழும்பி பஸ் பிடித்து இறக்கக்கண்டிக் கரைக்குப் போகிறார், இந்த வயதில். ஏன் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் நீ பாதியை மறந்துவிட்டாய் போல இருப்பதால் முதலில் இருந்தே சொல்கிறேன். கார்த்திகைப் புயலுக்குக் கடல் முற்றத்துக்கு வந்தபோது கடற்கரைச் சனம் முழுவதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடியது நம்முடைய மாதா கோயிலுக்குத்தான். கதவு பூட்டியிருந்தது. திறப்பை வைத்திருந்த பங்குச் சபைத் தலைவர் குடையோடு வந்து நின்று, திருநாளுக்கெண்டு நிலத்துக்குப் புதுசா மாபிள் கல்லுப் போட்டிருக்கு, சேத்துக் காலோட எல்லாரும் ஏறினா என்ன செய்யிறது, பாதர் காய்ச்சலில நித்திரை, அவரைக் கேக்காமல் திறக்க ஏலாது என்று சொன்னார். பாதரை எழுப்பவும் இல்லை. அடுத்த ஒழுங்கையில் பிள்ளையார் கோயிலைப் பார்க்கிற அருளம்பலம் அண்ணைதான் மடத்துக் கதவை அகலத் திறந்து, எல்லாரும் உள்ள வாங்கோ, நிலத்தைப் பிறகு கழுவலாம் என்று கூப்பிட்டார். மீன் மணத்தோடும் நனைந்த பாய்களோடும் அந்த மடத்தில் கிடந்து, அவர் காய்ச்சித் தந்த கஞ்சியைக் குடித்தோம். வெள்ளம் வற்றிய பிறகு நீ வீடியோ கோல் எடுத்து என்ன நடந்தது என்று கேட்டாய். அப்பா அதைக் கதையாகச் சொல்லவில்லை, வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டாக அந்த இடத்திலேயே கட்டிப் பாடிக் காட்டினார். காத்தடிக்குது மழையடிக்குது ஏலேலோ, கோயில் கதவு பூட்டிக் கிடக்குது ஏலேலோ, சாமி உள்ளே நித்திரையாம் ஏலேலோ, சனம் வெளியே நனையுதாம் ஏலேலோ. அதோடு முடிக்கவில்லை, அடுத்த வாசல் திறந்து கிடந்ததையும் அருளம்பலம் அண்ணையின் கஞ்சியையும் வைத்து மற்ற அடிகளையும் பாடினார், பாடும்போது கண் கலங்கினார். நீ அங்கே இருந்து பதிந்துகொண்டாய். நீளமாக இருந்தால் ஒருத்தரும் பார்க்கமாட்டார்கள் என்று முதல் நாலு அடியை மட்டும் வெட்டி உன் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டாய்.

கோயில் என்றால் நமக்கு மாதா கோயில், சைவக்காரருக்குப் பிள்ளையார் கோயில். சாமி என்றால் நம்முடைய கரையில் பாதர், அவர்களுக்கு மூலஸ்தானத்தில் இருக்கிறவர். இங்கே நடக்கப் பழகுகிற பிள்ளைக்கும் தெரிந்தது உனக்குப் பிரான்சில் மறந்து போய்விட்டது. ஒரு கிழமைக்குள் ஊர் முழுக்கக் கேட்டு, அப்பா பிள்ளையாரைத்தான் ஏசுகிறார் என்று எடுத்துக்கொண்டது. வேதக்காரனுக்கு எங்கட சாமியைப் பற்றிப் பாட என்ன உரிமை என்று லண்டனில் இருந்து ஒருவர் எழுதினார். எல்லாக் கோயிலும் ஒண்டுதான், அண்ணை துணிஞ்சு பாடியிருக்கிறார் என்று ஒரு பொடியன் புகழ்ந்தான், அந்தப் புகழ் திட்டைவிட மோசம். சாமியை ஏசுவதும் ஒரு பக்திதான், நாட்டார் பாட்டில் அது புதிதல்ல என்று படித்த பிள்ளை ஒருத்தி நீளமாக எழுத, அவளையும் சேர்த்துத் திட்டினார்கள். தேத்தண்ணிக் கடையிலும் இதே கதைதான். மீன் எடுக்க வருகிற கிண்ணியா றஊப் நானா மட்டும் சிரித்துப்போட்டு, நல்ல காலம் தங்கச்சி, உங்கட மைக்கல் பள்ளிவாசல் எண்டு பாடேல்ல, பாடியிருந்தா விசாரிக்காமல் நானும் சண்டைக்கு வந்திருப்பன் என்று சொன்னார். இவ்வளவு பேருக்குள் உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். என் வயிறு எரிவது நம்முடைய ஆட்களை நினைத்து. எந்தக் கோயில் என்று அவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும், அந்த மழையில் என்னோடு நின்ற சனம் அது. ஒருத்தர் வாய் திறக்கவில்லை. சபைத் தலைவர், திறப்பை மடியில் வைத்திருந்த அதே மனுசர், யாரும் யாருடைய மத உணர்வையும் புண்படுத்தக் கூடாது என்று கீழே எழுதி ஒரு பூவும் போட்டிருந்தார். பாதர் அப்பாவைக் கூப்பிட்டு, கோயில் எண்டது பொதுச் சொல்லுத்தானே, நீங்கள் விளங்கப்படுத்தப் போகாதேங்கோ, தானா அடங்கும் என்று சொல்லிவிட்டு, அந்த மூச்சிலேயே உன் கலியாணத் திகதியை விசாரித்தார். அன்றைக்குப் பின்னேரம் நீயும் ஃபோன் எடுத்து அதையேதான் சொன்னாய். நீ கட்டப்போகிற சுலக்ஷனாவின் வீட்டார் நம்முடைய மாதா கோயிலில்தான் தாலி கட்ட வேண்டும் என்று நிற்கிறார்களாம், அதனால் அப்பா பேசாமல் இருக்கட்டுமாம். நீ உன் பக்கத்தில் இருந்து பாட்டை எடுத்துவிட்டாய். ஊரார் ஃபோன்களில் இருந்து யார் எடுப்பது.

அப்பா உன் சொல்லைக் கேட்டார். அடுத்த நாள் வலையில் கயிற்றைப் பிடித்து அம்பா எடுத்தார். ஒருவர் எடுத்தால் மற்றவர்கள் ஏலேலோ என்று சேர்ந்து பாடி வாங்க வேண்டும், வாங்காவிட்டால் அது பாட்டில்லை. பிள்ளையார் கோயில் பொடியன்கள் வாங்கவில்லை, அவர்களுக்குக் கோபம். நம்முடைய பொடியன்களும் வாங்கவில்லை, அவர்களுக்குப் பயம். அப்பா இன்னொருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இழுத்தாராம். அதோடு இறக்கக்கண்டிக்கு மாறினவர்தான், கிணற்றடியில் குளிக்கும்போதுகூட அவர் வாயில் ஒரு மெட்டு வரவில்லை. அருளம்பலம் அண்ணை சந்தையில் என்னைக் கண்டு, எங்கட மடத்தில படுத்தெழும்பிப் போட்டு மைக்கல் இப்பிடிப் பாடுவான் எண்டு நான் நினைக்கேல்ல பிள்ளை என்று சொன்னபோது, உன் கலியாணத்தை நினைத்துக்கொண்டேன். மீன் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன்னைப் பெற்றதற்கு வெட்கப்பட்டேன் என்று எழுதக் கூடாது, ஆனால் அன்றைக்கு வெட்கப்பட்டேன்.

இன்று பூசை முடிய உன் கலியாண அறிவித்தலை வாசித்தார்கள். சபைத் தலைவர் வந்து கை கொடுத்து, எல்லாம் சிறப்பாச் செய்வம் அக்கா, மாபிள் பளபளப்பா இருக்கு என்றார். அதற்குமேல் எனக்கு ஏலாமல் போய்விட்டது. பூசைச் சீலையோடு நேரே அருளம்பலம் அண்ணை வீட்டுக்குப் போனேன். அண்ணை, அது எங்கட கோயில், நித்திரை கொண்டது எங்கட பாதர், உங்கட மடத்தைப் பற்றி என்ர மனுசன் கடைசியில நல்லாத்தான் பாடினவர் என்று சொன்னேன். அவர் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார், தேத்தண்ணியும் வந்தது. பிறகு, அதை மைக்கல் அண்டைக்கே வந்து ஏன் சொல்லேல்ல என்று கேட்டார். மகனின் கலியாணம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அந்தக் கடைசி அடி எங்க பிள்ளை, சண்டை வந்த பிறகு நல்லது பாடினதெண்டு ஆரும் சொல்லலாம்தானே என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்பாவிடம் வந்து மற்ற அடிகளையும் ஒருக்காப் பாடுங்கோ, ஃபோனில் எடுப்பம் என்று கெஞ்சினேன். இப்ப பாடினா புதுசாச் சேத்தது எண்டுதான் சொல்லுவினம், அதுவும் சரிதான், எனக்கு இனிப் பாட்டு வராது திரேசம்மா என்று சொல்லிவிட்டு வலைக் கயிற்றைப் பின்னப் போய்விட்டார். ஆகவே அன்றைக்கு அவர் கண் கலங்கிப் பாடியது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது மகன். அழித்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். முழுவதையும் போட்டால் எந்தக் கோயில் என்று எல்லோருக்கும் விளங்கும், பாதருக்கும் சபைக்கும் முகம் கறுக்கும், உன் கலியாணத்துக்கு அந்தக் கதவு திறக்குமோ தெரியாது. போடாவிட்டால் சிறப்பாகத் திறக்கும், அந்த மாபிளில் நீ சப்பாத்தோடு நடக்கலாம், நானும் வந்து முன் வரிசை வாங்கில் இருப்பேன், தாய் வராமல் ஏலாதே. அப்பா வருவாரோ என்று நான் கேட்கவில்லை.

சுலக்ஷனாவுக்கு என் அன்பைச் சொல், அந்தப் பிள்ளையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போ, நேரத்துக்குச் சாப்பிடு, படுக்க முன்னம் ஒரு செபமாலை சொல். அப்பாவின் ஆசீரையும் சேர்த்து எழுதத்தான் நினைத்தேன், கேட்டேன், அவர் கயிற்றைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. அதனால் இந்தமுறை என்னுடையது மட்டும். மாதா உன்னைக் காப்பாற்றட்டும். கருவாட்டை மறந்துபோய் வெளியே வைத்தாலும் பரவாயில்லை, வெட்டின மிச்சப் பாட்டைத் தேடி எடு.

இப்படிக்கு,
உன் அம்மா
மை. திரேசம்மா