கண்கலங்கிய பார்வையாளர்கள்

ஜூலை 6
வேல்ராஜுக்கு மூன்றாவது முறையாக போன். பேப்பரில் தென்காசி கலைப் பக்கம் அவன் பொறுப்பு. புருஷன்மார் வளைகுடாவில் இருக்கும் ஆறு பெண்கள் சேர்ந்து நாடகம் போடுகிறோம் என்றேன். “சிறப்பு விருந்தினர் யாரு அக்கா?” என்றான். யாருமில்லை என்றதும், சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டத்தில் நின்று ஒரு படமாவது எடுத்து அனுப்பச் சொன்னான். நாங்கள் நாடகம் போடுகிறோமா, பூ விற்கிறோமா? இவனுக்குப் பெயர் கலை நிருபர்.

ஜூலை 9
முக்கிய வேடம் ஷரீபுன்னிசாவுக்கு. ஒரே ஒரு தடவை நடிக்க, சவூதி தம்மாமிலிருந்து அவள் மாப்பிள்ளை சம்மதித்திருக்கிறார். பேப்பரில் அவள் பெயர் வந்தால் மரியாதையான காரியம் என்று நம்புவாராம். வராவிட்டால் அதுவே கடைசி.

நாடகத்தைப் பார்க்காத இரண்டு ஆம்பிளைகள் கையில் அவள் தலையெழுத்து. நன்றாயிருக்கிறது.

ஜூலை 18
வேல்ராஜ் போன். பேப்பரில் மூன்று மணிக்கே பக்கத்தை முடித்துவிடுவார்களாம். இன்று ஆறு மணி நாடகத்தை நடந்து முடிந்ததாக நானே எழுதி அனுப்ப வேண்டுமாம். இங்கே எல்லோரும் அப்படித்தானாம். அடேயப்பா, என்ன உழைப்பு!

எழுதினேன். பிள்ளைக்குக் காய்ச்சல், வருவது சந்தேகம் என்று ஷரீபுன்னிசா சொல்லியிருந்தாள். அவள் வராவிட்டால் நான்தானே நடிக்க வேண்டும்? என் பெயரையே போட்டேன்: ‘மெஹர் பானுவின் நடிப்பில் பார்வையாளர்கள் கண்கலங்கினர்.’

சாயங்காலம் பேய்மழை. ஐந்தருவியில் வெள்ளம், மண்டபத்தில் கரண்ட் இல்லை. நாடகம் நடக்கவில்லை. சொல்ல வேல்ராஜுக்கு போன் அடித்தேன், எடுக்கவில்லை.

ஜூலை 19
வந்துவிட்டது! பூட்டிய மண்டபத்தில் யார் கண்கலங்கினார்களோ. அப்துல் ஜப்பார் மாமா அல்வாவோடு வந்து பாராட்டினார். நடக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 25
இன்று நிஜமாகவே நடந்தது. மாப்பிள்ளையின் நாற்பது நாள் லீவை ஷரீபுன்னிசா விரல்விட்டு எண்ணுகிற காட்சி. ஓசி காபிக்கு வந்த வேல்ராஜே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அவனைப் பிடித்துக்கொண்டேன்.

“நாளைக்குப் போட்டுருவீங்கல்லா தம்பி?”

“அதான் போன வாரமே வந்துட்டுல்லாக்கா. பேரெல்லாம் நீங்க எழுதித் தந்ததுதான.”

ஜூலை 27
ஷரீபுன்னிசா பழைய செய்தியையே தம்மாமுக்கு அனுப்பியிருக்கிறாள். “ஒம் பேரு எங்கட்டி இருக்கு?” என்று கேட்டாராம். என்னிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 2
ஒத்திகை. ஐந்து பேர்தான். அவள் வேடம் எனக்கு. பேப்பரில் வந்தபடியே.