அத்தாயி சாத்திய சன்னல்

அனுப்புநர்
முனைவர் கோ. சசிரேகா,
ஒண்டிக்கடை, ஏற்காடு.

பெறுநர்
இணை இயக்குநர் அவர்கள்,
தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரம், சேலம்.

பொருள்: ஆய்வுக்கூட உதவியாளர் அத்தாயியின் மரணம் – 'சொந்தக் கவனக்குறைவு' என்னும் முடிவை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தலைச்சோலை சாலையில், பழைய எஸ்டேட் பங்களா ஒன்றில் இயங்கும் தனியார் ஆய்வுக்கூடத்தில் நான் வேதியியலாளர். சூடான கண்ணாடியின் மேல் வெள்ளீயக் குளோரைடு ஆவியைச் செலுத்தினால், மின்சாரம் கடத்தும் மெல்லிய பூச்சு படியும். பார்வைக்கு அது வெறும் கண்ணாடிதான். சூரியமின் தகடுகளுக்கு அது பயன்படுகிறது. கிளியூரைச் சேர்ந்த அத்தாயி அக்கண்ணாடிகளைக் கழுவி உலர்த்துபவர்.

2. அந்த ஆவி காற்றின் ஈரம் பட்டதும் வெண்புகையாகும். அதில் அமிலம் இருக்கும். அதை வெளியேற்றும் விசிறி மழைக்காலத் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. பழுதுபார்க்கப் பலமுறை கேட்டேன். அன்றுமுதல் அமில நெடி அவ்வறையில் எப்போதும் இருந்ததால், நெடி யாரையும் எச்சரிக்கவில்லை.

3. கடந்த மாதம் ஒரு மாலை, வெளியே பனி இறங்கியிருந்தபோது அந்த ஆவி செல்லும் குழாயின் இணைப்பு கசிந்தது. பனி வந்தால் கண்ணாடி ஈரமாகாமல் இருக்கச் சன்னலைச் சாத்துவது எங்கள் ஆய்வுக்கூட நடைமுறை. பக்கத்து அறையிலிருந்த எனக்கு அத்தாயி குரல் கொடுத்தார்: "பனி உள்ள பூந்துருச்சுங்க மேடம், சன்னலைச் சாத்திட்டேனுங்க. உங்க கண்ணாடிக்கு இனிச் சளி புடிக்காதுங்க." நான் சிரித்தேன். கதவிடுக்கில் வெண்மையைக் கண்டபோது நானும் பனி என்றே எண்ணினேன். இருமல் கேட்டுத்தான் எழுந்து போனேன். மறுநாள் விடியுமுன் சேலம் மருத்துவமனையில் அவர் இறந்தார்.

4. 'சன்னலைச் சாத்தியது உதவியாளரின் கவனக்குறைவு' என்று நிர்வாகம் தன் விசாரணையில் முடிவு செய்திருக்கிறது. அவரைப் போலவே அந்தப் புகையைப் பனி என்று எண்ணிய என்னைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. விசிறியைப் பற்றியும் இல்லை.

5. மனுக்களால் பெரிதாக ஏதும் நடக்கும் என்று நம்புபவள் அல்ல நான். ஆயினும் அத்தாயியின் கணவர் சென்றாயன் என்னிடம் ஒன்று கேட்டார்: "அது பனியில்லைன்னு அவளுக்கு ஆருங்க சொல்லியிருக்கோணும்?" இப்போது பனி இறங்கினாலும் அவர் வீட்டுச் சன்னலைச் சாத்துவதில்லை. மகள் கீர்த்திகா கம்பளியைப் போர்த்திக்கொண்டு படிக்கிறாள்.

ஆகவே, தாங்கள் நேரில் ஆய்வு செய்து, அந்த முடிவை நீக்கி, நின்றுபோன விசிறியைப் பதிவில் ஏற்றவும், அது சீராகும்வரை வேறொருவரை அவ்வறைக்குள் அனுப்பாதிருக்க ஆணையிடவும் வேண்டுகிறேன். சென்றாயனின் கேள்விக்கான பதில் தங்கள் கையொப்பத்துடன் வரட்டும்.

இடம்: ஏற்காடு
நாள்: 9.12.2024

இப்படிக்கு,
கோ. சசிரேகா