இல்லாத பிரேக்

என்னங்க,

வேலைக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். நாலு மணிக்குச் சின்னவளைக் கூட்டிட்டு வந்துடுங்க.

சனி, ஞாயிறுக்கு மலை மேல இருக்கற வீட்டையே புக் பண்ணிட்டேன். ரெண்டு மணி நேர வழிதான். “அந்த வளைவெல்லாம் உனக்குச் சரிப்படாது, ஏரிக்கே போவோம்”னு பிள்ளைங்க முன்னாடி சொன்னீங்களே, அது இன்னும் ஆறல. ஊருக்கெல்லாம் கார் ஓட்டச் சொல்லித் தர்றவர், நான் ஓட்டினா மட்டும் பக்கத்துல உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிக்கிறீங்க. ஓய்வெடுக்கப் போறப்பவாவது அந்தக் கால் ஓயட்டும். நான்தான் ஓட்டுவேன். உங்களுக்குப் பின் சீட்.

பி.கு.: போன வாரம் அக்கா வீட்டுக்குப் போறேன்னது பொய். அந்த மலையில தனியா ஏறி இறங்கிட்டு வந்தேன். நம்பலைன்னா கார்ல கிலோமீட்டரைப் பாருங்க.

ஏழாவது வளைவு ஏத்தத்துல வண்டி திணறிச்சு. “ரெண்டாவது கியர், ரெண்டாவது கியர்”னு காதுல கத்தினது உங்க குரல்தான்.