அகுவந்தார் என்றால் என்ன?

மார்ச் 4

அன்புள்ள சுண்டுவுக்கு,

நானும் அப்பாவும் நலம். நலம் என்பதைக் கொஞ்சம் தாராள மனதோடு படித்துக்கொள். அவருக்கு இடது பக்கம் இன்னும் அசையவில்லை; வாய் மட்டும் பழையபடி. புதிதாக வந்த நர்ஸைப் பார்த்து, "டிக்கெட்டை எடும்மா" என்றார். ரயிலில் ஆயுள் முழுக்கக் கேட்ட கேள்வி, கட்டிலில் கிடந்தும் விடவில்லை. மறுநாள் அவள் வரவில்லை.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளை மொழிபெயர்க்கிறவளுக்கு, ஐம்பதை நெருங்கும்போது ஒரு யோகம். உனக்குப் பக்கத்து நகரத்தில் எங்கள் ஆபீஸின் கிளை இருக்கிறது. ஸ்பானிஷ் பேச வந்தால் ஆறு மாதம் அங்கே அனுப்புவார்களாம். மே மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்று உன்னிடம் கேட்கப்போவதில்லை.

ஸ்பானிஷ் வகுப்பை ஃபோனில், குளியலறையில் வைத்துக்கொள்கிறேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருகிறேன். நான் வேறு மொழி பேசுவது காதில் விழுந்தால், விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று அப்பா சட்டை மாட்டிவிடச் சொல்கிறார். நேற்றைய சொல் 'அகுவந்தார்'. யாரோ வந்தார் என்பதுபோல இருக்கிறது. இங்கே ஒருவரும் வந்தபாடில்லை. அகராதி 'தாங்கு' என்கிறது. ஸ்பானிஷே பேசும் உன் புகுந்த வீட்டில் எப்படிச் சொல்வார்கள்?

உன் அக்கா

மார்ச் 19

என் அருமை அக்காவுக்கு,

குத்தல் பத்திரமாக வந்து சேர்ந்தது.

அகராதி சொல்வது சரி. பலகை பாரத்தைத் தாங்குவது அகுவந்தார். மூச்சை அடக்குவதும் அதுதான். ஆனால் என் மாமியார் வாயில் அது வேறு. போன வாரம் நாத்தனார் தன் புருஷனைப் பற்றிச் சொல்லி அழுதாள். மாமியார் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல், "அகுவந்தா, மகளே" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு கிட என்று அர்த்தம். நம் பக்கம் "பொறுத்துப் போம்மா" என்பார்களே, அதே.

உன்னைப் பற்றியும் சொன்னேன். நன்றாகத் தாங்குகிறவள் என்று உன்னை மெச்சினார்.

ஆறு மாதம் சலூனை மூடினால் என் வாடிக்கைக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். கொஞ்சம் பொறு அக்கா. ஏதாவது வழி பார்க்கிறேன்.

சுண்டு

ஏப்ரல் 6

சுண்டுவுக்கு,

உன் மாமியாருக்கு என் வணக்கம். தாங்குகிறவளை மெச்சுகிறவர்கள் யாரும் ஒரு பக்கம் வந்து பிடிப்பதில்லை. இதையும் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்.

செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்து எழுந்தால், குளியலறைத் தாழ்ப்பாள் இறுகிக்கொண்டது. வெளியே அப்பா கத்துகிறார்.

"பெரியவளே! எங்கடி போய்த் தொலைஞ்சே?"

"தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சுப்பா!"

"நான் வேணா எழுந்து வந்து திறக்கட்டா?"

தானாகப் புரண்டு படுக்க முடியாத மனிதர். கதவுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவரும் சிரித்தோம். அப்புறம் அவர் கூப்பிடவில்லை.

பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியனுக்குச் சொல்லியிருக்கலாம். ஃபோன் என் கையில்தான் இருந்தது. சொல்லவில்லை. மறுபடியும் வாளிமேல் உட்கார்ந்துவிட்டேன். என்னை யாரும் எதற்கும் எழுப்ப முடியாது. அப்படி உட்கார்ந்து எத்தனை காலமாகிறது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நெடுநேரம் கழித்துத்தான் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். கதவை உடைத்து என்னை வெளியே விட்டபோது அப்பாவின் படுக்கை நனைந்திருந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

வா, சுண்டு. கேட்கமாட்டேன் என்றவள் கேட்டுவிட்டேன்.

அக்கா

ஏப்ரல் 20

அக்கா,

வருகிறேன். மே இருபத்தைந்தாம் தேதிக்கு விமானத்தில் இடம் பதிவு செய்தாகிவிட்டது. சலூனை நாத்தனார் பார்த்துக்கொள்வாள். அவளுக்கும் வீட்டைவிட்டு வெளியே வர ஒரு சாக்கு. மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "இத்தனை நாள் அக்கா, இனிமேல் நான்" என்று சொல்லிவிட்டேன்.

ஆபீஸுக்குச் சரி என்று உடனே எழுது. அப்பாவுக்கு எந்த மருந்து எப்போது என்று எனக்கு எழுதி அனுப்பு. நீ நம்பமாட்டாய் என்று தெரியும். இந்த ஒரு தடவை நம்பு.

உன் சுண்டு

மே 2

அன்புள்ள சுண்டுவுக்கு,

மருந்துகளை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை எழுதிவிடலாம். மற்றதை எப்படி எழுதுவது? புரட்டுவதற்கு முன்னால் தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பயந்து விறைத்துக்கொள்வார். தண்ணீரை வலது கடைவாயில்தான் விட வேண்டும், அதுவும் அரை ஸ்பூன். நீ சின்ன வயதிலிருந்தே அவசரக்காரி. உன் கையும் எப்போதும் ஜில்லென்று இருக்கும்.

நேற்று ஆபீஸுக்கு முடியாது என்று எழுதிவிட்டேன். வகுப்பையும் நிறுத்தியாயிற்று. போன கடிதம் ஏதோ அலுப்பில் எழுதியது. நீ வர வேண்டாம். சலூனைப் பார்.

அப்பாவிடம் சொல்லாமல் முடிவு செய்தேன் என்று நினைக்காதே. முந்தாநாள் கேட்டேன். "சுண்டு வர்றாப்பா. நான் ஆறு மாசம் வெளியூர் போகட்டுமா?"

"வரட்டும். நீ கெளம்பு" என்றார். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சொல்லிவிட்டுத் தூங்கியும்விட்டார்.

என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல் பேசுகிறவரை உன்னிடம் விட்டுவிட்டு நான் எப்படிப் போவது?

அக்கா